தொண்ணூறு டிகிரியில் கத்திய பம்ப்

பம்ப் ஒன்று பாழாகிவிட்டது என்று தொலைபேசி வந்தால், நம் தொழிலில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "யார் ஓட்டினது?" என்பதுதான். நீங்களும் கேட்பீர்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத உங்களில் சிலர் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் ஓய்வுபெற்று வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் சாமர்த்தியத்தைச் சொல்வதற்காக இல்லை. ஒரு மனிதரின் வேலை என் கையெழுத்தால் போக இருந்தது, அதைச் சொல்லத்தான்.

நான் அப்போது கற்றுக்குட்டி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கோயம்புத்தூரில் படித்து, சென்னையில் பதினைந்து வருடம் பம்ப் தேர்வுப் பிரிவில் இருந்துவிட்டு, மூத்த பொறியாளராகப் புனேக்கு மாற்றலாகி வந்திருந்தேன். வாகட் பகுதியில் வீடு. நான் இந்தி பேசினால் ஆண்பாலும் பெண்பாலும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். அதை மறைக்க ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுவேன். வேகமாகப் பேசுகிறவளைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள் என்று ஒரு நப்பாசை. பெரும்பாலும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஹடப்சர் தொழிற்பேட்டையில் ஓர் உணவுப்பொருள் ஆலை இருந்தது. அங்கே கொதிகலனுக்குச் சுடுநீர் அனுப்பும் பம்ப் எங்களுடையது. எந்தப் பம்ப் பொருந்தும் என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தது நான். அமைப்பு ரொம்ப எளிது. ஒரு மேடைமேல் மூடி இறுக்காத தொட்டி, அதில் தொண்ணூறு டிகிரி வரை சூடான தண்ணீர். தொட்டியிலிருந்து ஒரு குழாய் கீழே இறங்கிப் பம்புக்கு வரும். பம்புக்கு முன்னால் குப்பையைப் பிடிக்க ஒரு சல்லடை. ஆறே மாதத்தில் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் அரித்துப்போய், ஆலை நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் போய்ச் சேர்வதற்குள் ஆலை மேலாளர் எல்லாவற்றையும் தயாராக எடுத்து வைத்திருந்தார். அதாவது, குற்றவாளியையும் சேர்த்து. பம்பை ஓட்டியவர் பெயர் கஜேந்திரன். என் வயதுதான் இருக்கும். அவர்மேல் மூன்று புகார்கள். சல்லடையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். சூடாக இருக்க வேண்டிய தொட்டியில் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு எரிபொருளை வீணாக்கினார். பதிவேட்டில் சல்லடை சுத்தம் செய்த நேரத்தை எழுத வேண்டிய கட்டம் இரண்டு மாதமாகக் காலி.

எனக்கு வேறென்ன வேண்டும்? சல்லடை இல்லை, ஆகவே மண் உள்ளே போயிருக்கிறது, ஆகவே இம்பெல்லர் அரித்திருக்கிறது. பையில் போட்டு வைத்திருந்த இம்பெல்லரை வெளியே எடுத்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் ஒரு திருப்பு திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தேன். அன்று எனக்கு மதியச் சாப்பாட்டுக்குள் கிளம்ப வேண்டும் என்ற நினைப்புதான் பெரிதாக இருந்தது.

கிளம்புமுன் வீட்டிலிருந்து வந்த அழைப்பில் இரண்டு வார்த்தை தமிழில் பேசினேன். அதைக் கேட்டுவிட்டுக் கஜேந்திரன் பக்கத்தில் வந்தார்.

"மேடம், நீங்க தமிழா? ஒரு விஷயம் சொல்லணும் மேடம். இந்த பம்ப் சும்மா கத்தல. தண்ணி ரொம்ப சூடானாதான் கத்துது. ஆற உட்டா..."

மேலாளர் நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குற்றம் சாட்டப்பட்டவரோடு பொறியாளர் தமிழில் பேசினால், ஊர்க்காரருக்குச் சாதகமாக எழுதிவிடுவாள் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். எதுவாக இருந்தாலும் உங்கள் மேற்பார்வையாளரிடம் எழுதிக் கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஜீ மேடம்" என்று சொல்லி நகர்ந்துவிட்டார். நான் நடுநிலையாக நடந்துகொண்டதாக எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டு வண்டியேறினேன்.

மறுநாள் அறிக்கை போயிற்று. "சல்லடையைப் பராமரிக்காததால் அந்நியத் துகள்கள் புகுந்து தேய்மானம், இயக்குபவரின் அலட்சியம்." கீழே என் கையெழுத்து. காலியான கட்டங்களுக்குச் சாட்சியாகப் பதிவேட்டுப் பக்கங்களின் நகலை நானே இணைத்திருந்தேன். அதன் பேரில் கஜேந்திரனைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை விசாரணை. அவரை வெளியே அனுப்ப அவர்களிடம் இருந்த ஒரே ஆதாரம் என் அறிக்கைதான்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, புது இம்பெல்லர் பொருத்திய பம்பை ஓட்டிக் காட்டப் போனேன். புதுச் சல்லடை. விதிப்புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் புது ஆபரேட்டர். தொட்டியில் தண்ணீர் தொண்ணூறைத் தொட்டது. பம்புக்குள் யாரோ ஜல்லிக்கல்லைக் கொட்டிக் கிளறுவது போல ஒரு சத்தம் கிளம்பியது.

நிறுத்தச் சொன்னேன். சல்லடையைக் கழற்றிப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. தொட்டியின் அடியில் தேடினோம், ஒரு பொட்டு மண் இல்லை. புது ஆபரேட்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த அறிக்கையில் தன் பெயர் வந்துவிடுமோ என்று அவர் பயப்படுவது எனக்குத் தெரிந்தது. அந்தப் பார்வைதான் எனக்கு முதலில் உறைத்தது.

பழைய இம்பெல்லரைக் கொண்டுவரச் சொன்னேன். இந்தத் தடவை கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவினேன். மண் தேய்த்த உலோகம் வழவழப்பாக இருக்கும், தண்ணீர் போன திசையில் கோடு கோடாகப் பளபளக்கும். இது தேன்கூடு மாதிரி பொத்தல் பொத்தலாக விரலைக் கீறியது. கல்லூரியில் படித்த எந்தப் பொறியாளருக்கும் அது என்னவென்று தெரியும். எனக்கும் தெரியும். தொட்டுப் பார்த்திருந்தால் மூன்று வாரத்துக்கு முன்பே தெரிந்திருக்கும்.

உங்களில் பரீட்சைக்காக மட்டும் படித்தவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். பம்ப் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. தன் வாயில் அழுத்தத்தைக் குறைத்து இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். தொட்டியின்மேல் உட்கார்ந்திருக்கும் காற்றும் தண்ணீரின் உயரமும் சேர்ந்துதான் தண்ணீரை உள்ளே தள்ளுகின்றன. சுடுநீரோ எப்போதடா ஆவியாகலாம் என்று காத்திருப்பது. தள்ளுகிற அழுத்தம் போதவில்லையென்றால் பம்பின் வாயிலேயே குமிழ்விட்டுக் கொதித்துவிடும். அந்தக் குமிழ்கள் உள்ளே அழுத்தம் கூடிய இடத்துக்குப் போனதும் பட்டுபட்டென்று உடையும். ஒவ்வொன்றும் இம்பெல்லரில் ஒரு சின்ன உளி அடி. ஜல்லிச் சத்தம் அதுதான்.

சரி, நான் போட்ட கணக்குப்படி தொண்ணூறு டிகிரியில் குமிழ் வரக் கூடாது. வருகிறதே, ஏன்? அலுவலகத்துக்குத் திரும்பி, அறிக்கையின் கோப்பை எடுத்து விரித்தேன். நான் இணைத்த பதிவேட்டு நகல்கள் அதில் இருந்தன. காலிக் கட்டங்களை மட்டும் சிவப்பில் வட்டமிட்டிருந்தேன். அவற்றுக்குப் பக்கத்தில் குறிப்பு என்று ஒரு பகுதி இருந்தது. அதில் பேனாவால் நெருக்கமாக என்னென்னவோ எழுதியிருந்தது. கிறுக்கல் என்று ஆலையில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். அது கிறுக்கல் இல்லை, தமிழ்.

"85 டிகிரி. சத்தம் இல்லை." "88. லேசாக ஆரம்பம்." "90. கல் அரைக்கிற சத்தம்." "ஜாலி எடுத்த பிறகு சத்தம் பாதி." "பச்சைத் தண்ணீர் கொஞ்சம் விட்டேன். 86. அடங்கியது." ஜாலி என்று அவர் எழுதியது சல்லடையை. இரண்டு மாதம், நாள் தவறாமல் எழுதியிருந்தார்.

புனேயில் பிறந்து வளர்ந்தவர் கஜேந்திரன். அவருடைய அப்பா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். இவர் இங்கேயே தமிழ்வழிப் பள்ளியில் படித்திருந்தார். இந்தியும் மராத்தியும் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் எழுத வருவது தமிழ் மட்டும். ஹடப்சர் ஆலைக்கு வந்துபோனவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் அதை நகல் எடுத்து, அவருக்கு எதிரான சாட்சியாக இணைத்திருக்கிறேன். கோப்பை மூடிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நடந்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

நிதானம் வந்த பிறகு உட்கார்ந்து யோசித்தேன். சல்லடையை எடுத்தால் குழாயில் தடை குறைகிறது, தள்ளும் அழுத்தம் அதிகமாகப் பம்புக்கு வந்து சேர்கிறது. பச்சைத் தண்ணீர் விட்டால் சூடு குறைகிறது, ஆவியாகும் அவசரம் குறைகிறது. அவர் செய்த குற்றங்கள் என்று நான் எழுதிய இரண்டும் இந்த நோய்க்குச் சரியான வைத்தியம். பாடப்புத்தகம் பார்க்காமல் காதால் கேட்டே கண்டுபிடித்திருக்கிறார். அவருடைய எண்களை என் கணக்கோடு ஒட்டிப் பார்த்தேன். எந்த நாளை எடுத்தாலும் என் கணக்கில் ஏறக்குறைய இரண்டடித் தண்ணீரின் அழுத்தம் கூடுதலாக இருந்தது. நிஜத்தில் அந்த இரண்டடி இல்லை. எங்கே போயிற்று?

குழாய், வளைவு, வால்வு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கடைசியில் எக்செல் ஷீட்டின் மேல் மூலைக்கு வந்தேன். வளிமண்டல அழுத்தம் 10.3 மீட்டர் தண்ணீர் உயரம். சாம்பல் நிறக் கட்டம், மாற்ற முடியாதபடி பூட்டு. அந்த ஷீட் சென்னைத் தலைமை அலுவலகத்தில் உருவானது. கடற்கரை ஊரில் அந்த எண் பொய் சொல்லவில்லை. புனே கடல்மட்டத்திலிருந்து ஐந்நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று அந்த அளவுக்குத் தள்ளாது, இரண்டடி குறைத்துத்தான் தள்ளும். மற்ற வேலைகளில் தாராளமாக இடம் விட்டிருந்ததால் அந்த இரண்டடி யார் கண்ணிலும் படவில்லை. இந்தப் பம்பில் நான் மயிரிழை மிச்சம் வைத்துத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஒரு வருடமாக இந்த மேட்டில் குடியிருந்துகொண்டு, மெரினாக் காற்றை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சென்னையிலிருந்த என் மேலதிகாரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். நல்ல மனிதர்தான், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"வசந்தி, இதப் பாரும்மா. ரிப்போர்ட் போயாச்சு. இப்ப வாபஸ் வாங்கினா, டிசைன் தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"டிசைன் தப்புதான் சார்."

"இல்லன்னு யாரு சொன்னா. விசாரணை முடியட்டும். அடுத்த மாசம் நாமளே போய் அந்தத் தொட்டிய ஒரு மீட்டர் தூக்கி வெச்சுக் குடுத்துடுவோம். மேம்பாடுன்னு பேர் வெச்சுக்கலாம். யாரும் நோண்ட மாட்டாங்க."

"அதுக்குள்ள அவருக்கு வேலை போயிடும் சார்."

"அது அவங்க உள் விவகாரம்மா."

"கையெழுத்து என்னோடதுங்க சார்."

"போய்ச் சொல்லணும்னா சொல்லு. கம்பெனி சொல்லச் சொல்லுச்சுன்னு மட்டும் சொல்லாத" என்று வைத்துவிட்டார். அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. ஆனால் அந்த வைத்தியம், தொட்டியைத் தூக்கிப் பூசி மெழுகும் வைத்தியம், எவ்வளவு நியாயமாகக் காதில் விழுந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நிமிடம் எனக்கே ஆசையாக இருந்தது. உங்களுக்கும் யாராவது ஒருவர் அன்பான குரலில்தான் அதைச் சொல்வார். அன்றைக்கு நீங்கள் மறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை ஹடப்சருக்குப் போனேன். நீளமான மேசை. மேலாளர், பணியாளர் பிரிவு அதிகாரி, இந்தப் பக்கம் தனியாகக் கஜேந்திரன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறிக்கையை உறுதிப்படுத்தச் சொன்னார்கள். அறிக்கை தவறு, திரும்பப் பெறுகிறேன் என்று சொன்னேன்.

இந்தியில் சொன்னேன். கஜேந்திரனுக்குச் சரியாகப் புரியாத ஆங்கிலத்தில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண்பாலும் பெண்பாலும் வழக்கம்போல இடம் மாறின, யாரும் சிரிக்கவில்லை. நகல் பக்கங்களை எடுத்து, அவர் தமிழில் எழுதியிருந்ததை அப்படியே உரக்கப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொன்னேன். பிறகு இம்பெல்லரை மேசைமேல் வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மேலாளர் விரலை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"அப்படியென்றால் சல்லடையைக் கழற்றியது சரி என்கிறீர்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சரி இல்லை என்றேன். உண்மையிலேயே மண் வந்திருந்தால் ஆபத்து. அதற்கு அவரைக் கண்டிக்கலாம். ஆனால் பம்ப் பாழானதற்குக் காரணம் அது இல்லை, என் கணக்கு. ஒரு பக்கம் சாய்ந்து எழுதிய தவறைச் சரிசெய்கிறேன் என்று இன்னொரு பக்கம் சாய்ந்துவிடாதீர்கள் என்பதற்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

ஒரு மணி நேரம் எங்களை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். சல்லடைக்காக ஓர் எச்சரிக்கைக் கடிதம், திங்கட்கிழமை முதல் வேலை. அடுத்த மாதம் தொட்டியை உயர்த்தினோம், பெயர் மாற்றாமல், பிழைதிருத்தம் என்றே எழுதி. அந்த ஷீட்டில் பூட்டைத் திறந்து, ஊரின் உயரத்தை அவரவரே எழுதும்படி மாற்றவைக்க எனக்கு நாலு மாதம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. எனக்கு வர இருந்த பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போயிற்று. வருத்தமாக இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். மறுபடி அதே நிலை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ, கஜேந்திரன் சொல்லவில்லை. வாசலில் பைக்கை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"மேடம், வேல கெட்ச்சிடுச்சு, சரி. ஒரு தபா வூட்டுக்கு வந்து சொல்றீங்களா? நான் சொன்னா என் பொண்டாட்டி நம்பமாட்றா. இன்ஜினியர் எழுதிக்கீறாங்க, அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சுன்றா. மூணு வாரமா சரியா பேசறதில்ல."

என் ஸ்கூட்டரில் அவர் பின்னாலேயே கட்கியிலிருந்த அவர் வீட்டுக்குப் போனேன். நெருக்கமான வரிசை வீடுகளில் ஒன்று. அவர் மனைவி வானவடியில் ஒரு ராணுவ அதிகாரி வீட்டில் சமையல் வேலை பார்ப்பவர், அப்போதுதான் திரும்பியிருந்தார். நாற்காலியைக் காட்டினார். நான் உட்காராமலே சொன்னேன்.

"உங்க வீட்டுக்காரர் சொன்னதுதாங்க சரி. நான் எழுதினது தப்பு. கணக்கு தப்பாப் போட்டது நான். அவரு மேல ஒண்ணும் இல்லைங்க."

அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதறதுக்கு மின்ன இவர ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேக்கலைங்க."

"இவ்ளோ நல்லா தமிழ் பேசறீங்க."

அவர் தன் கணவர் பக்கம் திரும்பினார்.

"நீயாவது வாயத் தொறந்து கத்தி சொல்லிக்கக் கூடாதாய்யா?"

கஜேந்திரன் வாசற்படியில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"டெய்லி எழுதி வெச்சுக்கினுதான இருந்தேன்" என்றார்.